சக்கரத்துக்குள் இருக்கும் இடம்

(1979ஆம் ஆண்டு மெக்கானிக்கல் பிரிவு மாணவன் ஒருவன்)

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது "கல்லூரி நினைவுகள்". ஹாஸ்டல் சாம்பாரையும் வொர்க்‌ஷாப்பில் அரம் பிடித்துக் கை காய்த்துப் போனதையும் பற்றி எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நம் செட்டில் இருக்கிறார்கள். இந்நேரம் எழுதியும் கொடுத்திருப்பார்கள். நான் படிப்பை முடித்த நாளிலிருந்து 36 வருஷம் பிரேக் சோதனைப் பிரிவிலேயே குப்பை கொட்டியவன். எனவே எனக்குத் தெரிந்த சரக்கையே அவிழ்த்து விடுகிறேன். பொறுத்தருள்க.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் என்னைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், காருக்குப் பெரிய அலாய் வீல் போட்டாச்சு. உள்ளே டிஸ்க் குட்டியூண்டு தெரியுது. அதையும் பெரிசாப் போட்டுட்டா என்ன?"

நல்ல கேள்விதான். ஆனால் புதுக் கேள்வி இல்லை. மோட்டார் கார் பிறந்த காலத்திலிருந்து எஞ்சினியர்கள் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். பிரேக்கின் சரித்திரம் என்று ஒன்றை எழுதினால், அதில் பாதி சக்கரத்துக்குள் இருக்கும் காலி இடத்தின் சரித்திரமாகத்தான் இருக்கும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

பயந்துவிடாதீர்கள், இரண்டே இரண்டு கணக்கு. 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகிறது. அதை நிறுத்த வேண்டுமானால் சுமார் 386 கிலோ ஜூல் சக்தியை எங்கேயாவது தொலைத்தாக வேண்டும். பிரேக் அந்தச் சக்தியை வெப்பமாக மாற்றுகிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒன்றே கால் லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் அது! சில விநாடிகளுக்குள் அவ்வளவும் நாலு சக்கரங்களுக்குள் இருக்கிற இரும்பில் போய் இறங்குகிறது. வேகம் இரட்டிப்பானால் வெப்பம் நாலு மடங்கு.

இரண்டாவது கணக்கு நம்ம ஊர் ஆசாமி. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் உயர வித்தியாசம் சுமார் 1900 மீட்டர். அதே காரை எஞ்சின் உதவியே இல்லாமல் வெறும் பிரேக்கில் கீழே இறக்கினால், 100 கி.மீ. வேகத்திலிருந்து 48 தடவை நிறுத்தியதற்குச் சமமான வெப்பம். காற்றின் தடையும் டயரின் உருளல் தடையும் இதில் கொஞ்சத்தைக் குறைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். மலைப்பாதையில் "இரண்டாவது கியரில் வரவும்" என்று சும்மாவா எழுதி வைத்திருக்கிறார்கள்?

ஆக, பிரேக்குக்கு வேலை இரண்டு. ஒன்று, சக்கரத்தை இறுக்கிப் பிடிப்பது. மற்றது, வெப்பத்தை வாங்கி வெளியே தள்ளுவது. பெரிய டிஸ்க் இரண்டுக்கும் உதவும். கிணற்று ராட்டினத்தின் கைப்பிடி நீளமாக இருந்தால் சுற்றுவது எப்படிச் சுலபமோ, அப்படியே பிடிக்கும் இடம் அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக அதே மிதிக்கு அதிக முறுக்கு விசை கிடைக்கும். இரும்பு அதிகம் என்பதால் சூடு ஏறுவதும் மெதுவாகும். அப்புறம் என்ன, பெரிசாகவே போட்டுவிட வேண்டியதுதானே? முடியாது. ரிம் தடுக்கும்!

சுருங்கிய சக்கரம், கூடிய வேகம்

டிஸ்க் பிரேக் ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902லேயே அதற்குப் பேடண்ட் வாங்கிவிட்டார். அன்றைக்கு உராய்வுக்குக் கிடைத்தது செம்புத் தகடு. இரும்புத் தட்டைச் செம்பு பிடித்தால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி கிறீச்சிட்டது. அதனால் அந்த யோசனை பரணில் ஏறியது. ட்ரம் பிரேக் அரை நூற்றாண்டு ராஜாங்கம் நடத்தியது.

இந்த அரை நூற்றாண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. காரின் வேகம் கூடிக்கொண்டே போனது, சக்கரமோ சிறுத்துக்கொண்டே வந்தது. ஃபோர்டு கார்களைப் பாருங்கள்: 1928ல் 21 அங்குலம், 1930ல் 19, 1932ல் 18, 1933ல் 17, 1935ல் 16. சாலைகள் நல்லதாயின, டயர்கள் பருத்தன, காரைத் தாழ்வாகக் கட்ட ஆரம்பித்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் பிரேக்குக்கு வேலை கூடிய அதே சமயத்தில் அது குடியிருந்த வீடு சின்னதாகிவிட்டது.

ட்ரம்மின் பெரிய வியாதி, சூட்டில் சோர்ந்து போவது. ட்ரம் சூடானால் விரிந்து, உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகிப் போகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். ஓட்டுகிறவர் பெடலை மிதிக்க மிதிக்க அது உள்ளே போகுமே தவிர, கார் நிற்காது. டிஸ்க் அப்படியில்லை. திறந்த வெளியில் காற்று வாங்கியபடி சுற்றுகிறது. விரிந்தாலும் பேடு இருக்கும் பக்கமாகவே பருக்கிறது.

இதை உலகத்துக்கு நிரூபித்தது ஜாகுவார் நிறுவனமும் டன்லப் நிறுவனமும். 1952ல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் ஸ்டெர்லிங் மாஸ் ஓட்டிய சி-டைப் ஜாகுவார், டன்லப் டிஸ்க் பிரேக்குடன் வென்றது. அடுத்த வருஷம் 1953ல் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் அதே வகைக் காரில் முதலிடம் பிடித்தார்கள். அந்தப் பந்தயத்தின் சராசரி வேகம் முதன்முறையாக மணிக்கு 100 மைலைத் தாண்டியது. கிட்டத்தட்ட 6 கி.மீ. நேர்ப்பாதையில் பறந்து வந்து, அதன் முடிவில் ஒரு கூர்மையான திருப்பம். 24 மணி நேரமும் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே பிரேக் போட்டாக வேண்டும். மற்றவர்கள் ட்ரம் தாங்குமோ தாங்காதோ என்று முன்னாடியே காலை வைக்க, ஜாகுவார்காரர்கள் கடைசி நிமிஷத்தில் வைத்தார்கள்.

ஜெர்மனியின் மெர்சிடிஸ் என்ன செய்தது தெரியுமா? 1955ல் வந்த 300 எஸ்.எல்.ஆர். காரில் ட்ரம்மையே வைத்துக்கொண்டது. அவர்களுக்குத் தேவைப்பட்ட ட்ரம் 16 அங்குலச் சக்கரத்துக்குள் நுழையவில்லை. சக்கரத்தில் இடமில்லை என்றால் காரின் வயிற்றில் வைப்போம் என்று முடிவு செய்து, ட்ரம்களைச் சக்கரத்திலிருந்து பிரித்து உடலுக்குள் பொருத்தி, ஒவ்வொன்றையும் தனித்தண்டு மூலம் சக்கரத்தோடு இணைத்தார்கள். அதுவும் போதாமல் அந்த வருஷ லு மான்ஸுக்கு, இருக்கைக்குப் பின்னால் நிமிர்ந்து எழும் ஒரு பெரிய அலுமினியப் பலகையைக் காற்றுத் தடையாக வைத்தார்கள். ஆகாய விமானம் இறங்கும்போது இறக்கையில் பலகை எழும்புமே, அந்த மாதிரி.

1955 ஜூன் 11ஆம் தேதி அந்தப் பந்தயத்தில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. மைக் ஹாதார்ன் தன் டி-டைப் ஜாகுவாரைப் பெட்ரோல் நிரப்ப ஓரம் கட்டி வேகம் குறைத்தார். பின்னால் வந்த ஆஸ்டின்-ஹீலி இடிக்காமலிருக்க விலகியது. அதற்கும் பின்னால் பெரும் வேகத்தில் வந்த பியர் லெவேயின் மெர்சிடிஸ் அதன் மேல் ஏறிப் பறந்து, பார்வையாளர் பக்கம் சிதறியது. லெவேயும் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் மாண்டார்கள். தவறு யார் மீது என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. வெவ்வேறு வேகமும் வெவ்வேறு நிற்கும் திறனும் உள்ள வண்டிகள் ஒரே குறுகலான பாதையில் ஓடினால் எவ்வளவு ஆபத்து என்பது மட்டும் அன்று எல்லாருக்கும் புரிந்தது. நம் நெடுஞ்சாலைகளுக்கும் அது பொருந்தும்.

பத்து அங்குலத்துக்குள் ஒரு பாடம்

பெரிய பிரேக், சின்னச் சக்கரம் என்ற இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள எனக்குப் பிடித்த உதாரணம் மினி கார். 1959ல் வெளிவந்த அதை அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்தபோது, நாலு பேர் உட்கார இடம் வேண்டும் என்பதற்காகச் சக்கரத்தை வெறும் 10 அங்குலமாக்கினார். உள்ளே 7 அங்குல ட்ரம். குடும்பக் காருக்கு அது போதும்.

ரேஸ் கார் கட்டிய ஜான் கூப்பர் சும்மா இருப்பாரா? 1961ல் சக்தி கூட்டிய மினி கூப்பர் வந்தது. முன்சக்கரத்தில் 7 அங்குல டிஸ்க். 10 அங்குல ரிம்முக்குள் டிஸ்க்கும், அதைக் கவ்வும் காலிப்பரும் இரண்டும் அடங்க வேண்டுமே! இடம் இல்லாததால் சின்ன டிஸ்க்தான் கிடைத்தது. போதவில்லை என்று புகார்கள் வந்தன. 1963ல் வந்த கூப்பர் எஸ் காரில் ஏழரை அங்குலமாக்கித் தடிமனையும் கூட்டினார்கள். அரை அங்குலம்தான். அந்தக் காரைத்தான் 1964ல் பேடி ஹாப்கர்க் ஓட்டி மான்டி கார்லோ ராலியை வென்றார். 1965லும் 1967லும் மினியே வென்றது.

அதற்கு மேல் பெரிசு பண்ண ஒரே வழி, சக்கரத்தைப் பெரிசாக்குவது. மினி கம்பெனி அதைச் செய்தது 1984ல்: 12 அங்குலச் சக்கரம், 8.4 அங்குல டிஸ்க். ஏழரையோடு ஒப்பிட்டால் விட்டம் 12 சதவீதம் கூடியது. பழைய மினி வைத்திருந்தவர்கள் கம்பெனிக்காகக் காத்திருக்கவில்லை. 1980ல் வந்த மெட்ரோ காரின் 8.4 அங்குல டிஸ்க்கையும் நாலு பிஸ்டன் காலிப்பரையும் கழற்றித் தங்கள் மினியில் மாட்டி, 12 அங்குல வீலுக்கு மாறினார்கள். நம் மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு நேரடி முன்னோர்கள் இவர்கள்தான்!

கடையில் தனியாக வாங்கிப் போடும் வீல்களின் சரித்திரமும் இதோடு பின்னிக் கிடக்கிறது. 1965ல் அமெரிக்காவின் கார்வெட் காருக்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் வந்தது. அதுவரை பிரபலமாக இருந்த டார்க் த்ரஸ்ட் அலாய் வீலின் கால்கள் காலிப்பரில் இடித்தன. அமெரிக்கன் ரேசிங் நிறுவனம் கால்களை வெளிப்பக்கமாக வளைத்து டார்க் த்ரஸ்ட் டி என்று ஒரு வீலை வெளியிட்டது. அந்த 'டி' டிஸ்க்கைக் குறிப்பது. வீலுக்குள் இடம் என்றால் விட்டம் மட்டும் இல்லை, காலுக்கும் காலிப்பருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும் சேர்த்திதான் என்பதை அன்றே கண்டுகொண்டார்கள்.

இன்னும் ஒரு கெட்டிக்காரத்தனம். 1980களின் முடிவில் ஜெர்மனியின் ஆடி கம்பெனிக்கு 15 அங்குல வீலுக்குள் பெரிய டிஸ்க் தேவைப்பட்டது. வழக்கமாகக் காலிப்பர் டிஸ்க்கை வெளி விளிம்பிலிருந்து கவ்வும். இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். டிஸ்க்கை வெளி விளிம்பில் தாங்கிப் பிடித்து, காலிப்பரை உள்ளே வைத்து உட்புறத்திலிருந்து கவ்வ வைத்தார்கள். காலிப்பர் அடைத்துக்கொண்டிருந்த இடமும் டிஸ்க்குக்கே கிடைத்தது. எத்தனை பாடுபட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் இதே கதைதான். 2021 வரை 13 அங்குல வீல். அதற்குள் டிஸ்க் 278 மி.மீ. மட்டுமே. 2022ல் வீல் 18 அங்குலமானதும் முன் டிஸ்க் சுமார் 330 மி.மீ. ஆனது. கோடி கோடியாகக் கொட்டுகிறவர்களுக்கும் ரிம் என்பது ரிம்தான்.

இந்தச் சரித்திரத்தில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1956ல் டிரையம்ஃப் டி.ஆர். 3 காருக்கு 11 அங்குல முன் டிஸ்க் செய்துகொடுத்தது இங்கிலாந்தின் கர்லிங். அதே கர்லிங்கின் கூட்டோடுதான் 1962ல் டி.வி.எஸ். குழுமம் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1960ல், அதே பாடியில் வீல்ஸ் இந்தியா. சக்கரமும் பிரேக்கும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்! அன்றைய நம் பியட்டிலும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் நாலு சக்கரமும் ட்ரம்தான். சின்னக் காரில் முன்பக்க டிஸ்க்கை நம் தெருவெங்கும் சகஜமாக்கியது மாருதி 800. அதற்கு வீல் 12 அங்குலம்.

சரி, போடலாமா கூடாதா?

சரித்திரம் போதும் சார், விஷயத்துக்கு வாங்க என்கிறீர்கள். வருகிறேன்.

பெரிய வீல் போட்டால் இடம் கிடைக்கும் என்பது உண்மை. 155/80 ஆர் 13 டயரின் வெளி விட்டம் 578 மி.மீ. 195/50 ஆர் 15 டயரின் விட்டம் 576 மி.மீ. வெளியே கிட்டத்தட்ட அதே அளவு. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. உள்ளே ரிம் மட்டும் 2 அங்குலம் கூடிவிட்டது. அந்த 2 அங்குலத்தில்தான் பெரிய டிஸ்க் குடியேற முடியும். டயரின் பக்கச் சுவர் 124 மி.மீட்டரிலிருந்து 97 மி.மீட்டராகக் குறைவதால் குண்டு குழியில் இடுப்பு வலிக்கும், ரிம் அடிபடும். அது நாம் கொடுக்கிற விலை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர். சாதாரண டிஸ்க்கிலேயே ஒரே மிதியில் சக்கரம் பூட்டிக்கொள்கிற அளவு விசை இருக்கிறதென்றால், அதைவிடப் பெரிய டிஸ்க் அந்த ஒரு நிறுத்தத்தின் தூரத்தைக் குறைக்காது. பத்தாவது நிறுத்தத்தில்தான், மலை இறக்கத்தின் கடைசி வளைவில்தான் அதன் அருமை தெரியும். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு நல்ல டயரும், நல்ல பேடும், காலா காலத்தில் மாற்றிய பிரேக் ஆயிலும் போதும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 வகை புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் எவ்வளவு பெரிய டிஸ்க்கும் வெறும் தட்டுதான்.

அதைவிட முக்கியம் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பங்கீடு. பிரேக் போட்டதும் எடை முன்பக்கம் சாய்கிறது; பின்சக்கரம் லேசாகிறது. அதனால் பின் பிரேக்கைக் கம்பெனி வேண்டுமென்றே குறைத்து வைக்கிறது. முன்னால் மட்டும் பெரிசு பண்ணினால் பின் பிரேக் தன் பங்கைச் செய்வதற்குள் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், நிற்கும் தூரம் கூடக்கூடும். பின்னால் மட்டும் பெரிசு பண்ணினால் அதைவிட மோசம். பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் பம்பரம்தான்.

இது ஏட்டுக் கணக்கில்லை. சில வருஷத்துக்கு முன் ஒரு பையன் தன் காரை என்னிடம் கொண்டுவந்தான். யாரோ ஒரு கடையில் 17 அங்குல வீல் போட்டு, "உள்ளே காலியா தெரியுதே" என்று பின் ட்ரம்மைக் கழற்றிவிட்டு ஒரு பெரிய டிஸ்க்கையும் மாட்டியிருந்தார்கள். முன்னால் பழைய டிஸ்க்கே. மழை பெய்த சாலையில் நாய் குறுக்கே வந்திருக்கிறது. பிரேக்கை மிதித்திருக்கிறான். கார் இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றதாம். எதிரே லாரி வராதது அவன் அம்மா செய்த புண்ணியம். வீலைக் கழற்றிப் பார்த்தேன். காலிப்பரின் முதுகில் ரிம் உரசிய வெள்ளைக் கோடு. இன்னும் ஆயிரம் கி.மீ. ஓடியிருந்தால் அதுவே தனிக் கதையாகியிருக்கும். "தம்பி, இதை யாருக்காகப் போட்டே?" என்று கேட்டேன். "சிக்னல்ல பக்கத்துல நிக்கிறவன் பாக்கணும்னு சார்" என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. பழைய ட்ரம்மையே திரும்ப மாட்டி அனுப்பினேன்.

எனவே தம்பி தங்கைகளே, செய்யத்தான் வேண்டுமென்றால் வரிசையாகச் செய்யுங்கள். முதலில் பிரேக்கைத் தீர்மானியுங்கள், பிறகு வீலை வாங்குங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள். காலிப்பரின் அளவுக்கு அட்டையில் ஒரு வடிவம் வெட்டி, வீலுக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ரிம்மின் உட்சுவர், வீலின் கால்கள் இரண்டுக்கும் இடைவெளி வேண்டும். இடிக்கிறதே என்று வீலுக்குப் பின்னால் வாஷர் அடுக்காதீர்கள். போல்ட்டுக்குப் பிடிப்பு குறையும், பேரிங்குக்குச் சுமை கூடும். காலிப்பர் பிஸ்டன் பெரிதானால் மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயில் தள்ள வேண்டும். பெடல் ஆழமாகப் போகும். அதையும் கணக்கில் வையுங்கள். முன்னும் பின்னும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். பதிவான வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற அது விடாது.

மெர்சிடிஸ் எஞ்சினியர்களும் இஸ்ஸிகோனிஸும் ஆடிக்காரர்களும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் மண்டையை உடைத்துக்கொண்டது வெளியே தெரிவதற்காக இல்லை. அவர்கள் செய்ததில் பாதி வெளியே தெரியவே தெரியாது. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் யாரும் பிரேக்கைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும். நம் தொழிலுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன வேண்டும்?